காதைக் கழற்றி வைத்துவிட்டுக் கிள்ளானில் நீந்தியது

சனிக்கிழமை காலை, திருச்சி

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை செய்த அம்மணி என் கைப்பையைத் திறந்து, உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். உறை நிறையக் குட்டிக் குட்டி வெள்ளைப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் 'தின்னாதே' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. இது என்ன என்று கேட்டார். செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சப் போடுவார்களே, அந்தப் பொட்டலம் என்றேன். செருப்பு எங்கே என்றார். செருப்பு இல்லை, காதுதான் இருக்கிறது என்று தலையைத் திருப்பிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு செருப்புக் கடை உண்டு. வயது ஐம்பத்து மூன்று. ஊரார் காலுக்கெல்லாம் அளவு பார்த்தவனுக்கு, இரண்டு வருடத்துக்கு முன்னால் காதுக்கு அளவு எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு காதுக்குப் பின்னாலும் பூனைக்குட்டியின் நகம் மாதிரி வளைந்த ஒரு கருவி. அதிலிருந்து நூல் போல ஒரு குழாய் காதுக்குள் போகும். கருவியைப் பொருத்திய பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். "வியர்வை, தூறல் எல்லாம் இது தாங்கும் அங்கிள், பயப்படாதீங்க. குளிக்கறப்பவும் நீந்தறப்பவும் மட்டும் கழட்டி வச்சிருங்க." இதில் இரண்டாவது வாக்கியம் மட்டும் என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து காதில் கருவியோடு தண்ணீரைக் கண்டால் நான் பூனைதான். வானத்தில் கைக்குட்டை அளவு மேகம் தெரிந்தால் கடையை விட்டு இறங்க மாட்டேன். குழம்பு தாளிக்கும்போது ஆவி வருகிறது என்று அடுக்களைப் பக்கமே போவதில்லை. இதில் என் மனைவி மீனாவுக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

அதனால் மழைக்குப் பேர்போன கோலாலம்பூருக்குப் புறப்பட்டபோது என் பெட்டியில் இருந்தவை: குடை இரண்டு, கடையில் சேர்த்த ஈர உறிஞ்சிப் பொட்டலங்கள், காற்றுப் புகாத வெள்ளை டப்பா ஒன்று, பெண்கள் தலை நனையாமல் குளிக்கப் போட்டுக்கொள்ளும் பூப்போட்ட பிளாஸ்டிக் குல்லா ஒன்று. நான் போவது மலேசியாவுக்கா, கடலுக்கு அடியிலா என்று மீனா கேட்டாள்.

பயணத்துக்கு வெளியே சொன்ன காரணம், கிள்ளானில் என் தங்கை வாசுகியின் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கும்பாபிஷேகம். அவள் கல்யாணமாகி அங்கே போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. உள்ளே இருந்த காரணம் வேறு. அவளுக்கு முட்டி வலி. நீந்தினால் குறையும் என்று மருத்துவர் சொல்லி எட்டு மாதமாயிற்று. தொலைபேசியில் ஒரு நாள், "நீச்சல் உடுப்பு வாங்கி பீரோல மடிச்சு வச்சிருக்கேன்ண்ணே. இத்தனை வருஷம் தண்ணிப் பக்கமே போகல, பயமாருக்கு. நீ வந்து இறங்குனாதான் நான் இறங்குவேன்" என்றாள்.

அவளுக்கு நீச்சல் பழக்கியவன் நான்தான், உய்யக்கொண்டான் வாய்க்காலில், வீட்டுக்குத் தெரியாமல். வருகிறேன், இறங்குகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தொலைபேசியில் வீரத்துக்குக் கட்டணம் கிடையாதே.

நான் அவளிடம் சொல்லாதது இது. கருவி வந்த புதிதில் ஒரு மாலை, அதைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தேன், கண்ணை மூடி. கருவி இல்லாவிட்டால் காதருகே வந்து கத்தினால்தான் எனக்கு ஏதோ கேட்கும். குளத்தை மூடும் நேரமாகிக் காவலர் விசில் அடித்திருக்கிறார், கத்தியிருக்கிறார், எல்லாரும் கரையேறியும் விட்டார்கள். அசையாமல் கிடந்த என்னைப் பிணம் என்று முடிவு கட்டி, அவர் உடுப்போடும் சட்டைப்பையில் இருந்த கைப்பேசியோடும் குதித்து என் தாடையைப் பிடித்தார். நான் கண் விழித்து, யாரோ என்னைக் கொல்ல வருவதாக நினைத்து அவரை மிதித்தேன். கரை நிறையக் கூட்டம். அவருடைய கைப்பேசி பிழைக்கவில்லை. அதன் பிறகு நான் தண்ணீரில் கால் வைக்கவில்லை. எனக்குத் தண்ணீரில் பயமில்லை. யாரோ கூப்பிடுவார்கள், அது எனக்குக் கேட்காது, அந்த ஒன்றுதான் பயம்.

சனிக்கிழமை மாலை, பிரிக்பீல்ட்ஸ்

நான்கு மணி நேரப் பறத்தல், இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரம். ஆக, காலையில் கிளம்பியவன் பிற்பகலுக்குப் பிறகு இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து நகரம் அறுபது கிலோமீட்டர். அதிவேக ரயிலுக்கு ஐம்பத்தைந்து ரிங்கிட் என்றார்கள், பேருந்துக்குப் பதினைந்து. செருப்புக் கடைக்காரன் பேருந்தில் ஏறினான். வழி நெடுக எண்ணெய்ப்பனை. நிழலே பச்சையாகத் தெரிகிறது.

கேஎல் சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடந்தால் பிரிக்பீல்ட்ஸ். பூச்சரம், ஊதுபத்தி, பொரிக்கிற வடை, புடவைக் கடைப் பொம்மைகள், அத்தனைக்கும் மேலே கண்ணாடிக் கட்டடங்கள். திருச்சி சின்னக் கடை வீதியைத் தூக்கி வந்து விமான நிலையத்துக்குள் வைத்த மாதிரி இருந்தது. ஐந்தடி என்று சொல்கிற கூரை போட்ட நடைபாதையில் கால் வைத்ததும் வானம் உடைந்தது. நம் ஊரில் மழை அறிவிப்புக் கொடுத்துவிட்டு வரும். அங்கே யாரோ வாளியைக் கவிழ்க்கிறார்கள்.

நான் ஒத்திகை பார்த்திருந்தபடி செயல்பட்டேன். கருவிகளைக் கழற்றி டப்பாவுக்குள் போட்டு, டப்பாவை உள்சட்டைக்குள் திணித்து, பூப்போட்ட குல்லாவைக் காது வரை இழுத்து மாட்டி, இரண்டு குடையையும் விரித்தேன். கழற்றிய பிறகு குல்லா எதற்கு என்ற கேள்வி எனக்கு அப்போது எழவில்லை. வடைக் கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். புடவைக் கடைப் பெண்கள் வாயைப் பொத்தவே இல்லை.

சாலையைக் கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோலோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பார்வையற்றவர்கள் நிறைய வசிக்கிற பேட்டை அது, நடைபாதையில் அவர்கள் காலுக்குத் தடம் தெரிய மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். அவர் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். வாய் அசைந்தது தெரிந்தது. விளக்குப் பச்சையா என்றுதான் கேட்டிருப்பார் என்று ஊகித்து, மரியாதையாகத் தலையை ஆட்டினேன். அவருக்கு நான் ஆட்டியது எப்படித் தெரியும். மறுபடி கேட்டார். மறுபடி ஆட்டினேன். கடைசியில் அவரே என் முழங்கையைத் தடவிப் பிடித்து, கோலால் என் காலைத் தட்டி, நட என்று தள்ளினார். நடந்தோம். பாதிச் சாலையில் என்னைப் பின்னுக்கு இழுத்தார், மூக்குக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் பறந்தது. அந்தப் பக்கம் போனதும் முதுகில் தட்டிவிட்டுப் போனார். பிரிக்பீல்ட்ஸில் என் குல்லாவைப் பார்த்துச் சிரிக்காத ஒரே மனிதர் அவர்.

மழை விட்டதும் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு கடையில் உட்கார்ந்து, ஆற்றிய டீ ஒன்று, வடை இரண்டு சாப்பிட்டேன், ஐந்து ரிங்கிட். கடைக்கார அண்ணன் கல்லாவிலிருந்து, "அண்ணே, தலைக்கு மையா?" என்று கேட்டார். ஆமாம், இன்னும் காயவில்லை என்றேன். உண்மையைச் சொல்வதைவிட அது கௌரவமாக இருந்தது.

சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில். ஐந்து ரிங்கிட்டுக்கும் குறைவு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சுபாங் ஜெயா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா என்று பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரயில் முழுக்க நனைந்த மனிதர்கள், தலை சொட்டச் சொட்டக் கைப்பேசி பார்த்துக்கொண்டு, கவலையே இல்லாமல். நான் மட்டும் காய்ந்து, கவலையோடு இருந்தேன்.

நிலையத்துக்கு வாசுகியின் கணவர் குமரேசன் வந்திருந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். பெரிய பெரிய கண்டெய்னர் பெட்டிகளைத் தீப்பெட்டி மாதிரி அடுக்குகிற வேலை. என் இரண்டு குடைகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ஒண்ணுக்கு இன்னொண்ணு ஸ்பேரா மச்சான்?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கும்பாபிஷேகம்

காலை உணவின்போதே எனக்குக் கெட்ட செய்தி வந்தது. கோயில் குழுவில் தீர்த்தம் தெளிக்கும் பொறுப்பு குமரேசனுடையது. போன கும்பாபிஷேகத்தில் பின்வரிசைக்காரர்கள் மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்று குறை வந்ததாம். அதனால் இந்த முறை கோபுரத்தைச் சுற்றிக் கட்டிய சாரத்தில் எட்டு இடத்தில் பம்பும் குழாயும் மாட்டியிருக்கிறார். "ஒருத்தரும் காஞ்சு வீட்டுக்குப் போகக் கூடாது மச்சான், அதான் டார்கெட்டு" என்றார் பெருமையாக.

மேளம் முழங்குகிற இடத்தில் உத்தரவு எப்படிக் கேட்கும் என்று கேட்டேன், தப்பிக்கிற வழி ஏதாவது அகப்படுமா என்றுதான். அவர் சிரித்தார். "போர்ட்டுல யாருக்கு யாரு பேசுறது கேக்குது? எல்லாரும் செவிடுதான் அங்க. கையிலதான் வேலை. நான் ரெண்டு கையையும் தலைக்கு மேல கூப்புனேன்னா பம்ப தொறக்கணும், அவ்ளோதான்."

கூட்டம் தெரு முனை வரை நின்றது. கலசங்கள் தலையில் ஏறி, மேளத்தோடு கோயிலைச் சுற்றிச் சாரத்தில் மேலே போகத் தொடங்கியதும் நான் கருவிகளைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடி, வாசுகி கையில் கொடுத்து, தண்ணீர் படாத இடமாகப் பார்த்து வை என்று மூன்று தரம் சொன்னேன். அவள் கையில் தேங்காய், பழம், பூ வைத்த அர்ச்சனைக் கூடை இருந்தது, மேலே பட்டுத் துணி போட்டு மூடியிருந்தாள். டப்பாவை அந்தத் துணிக்கு அடியில் செருகினாள். இதைவிடப் பத்திரமான இடம் உண்டா?

பிறகு நடந்தது எனக்கு அவளே சொல்லித் தெரியும். தொண்டர்கள் வந்து கூடைகளை எல்லாம் வாங்கிக் கருவறைக்குக் கொண்டு போனார்கள். அவளும் கொடுத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூடை கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் டப்பா ஞாபகம் வந்தது. இன்னும் சற்று நேரத்தில் குடம் குடமாக அபிஷேகம் நடக்கப் போகிற ஓர் இடத்துக்கு, தண்ணீர் படக் கூடாத ஒரே பொருள் போய்விட்டது.

நான் அப்போது வேறு போராட்டத்தில் இருந்தேன். சாரத்தின் உச்சியில் குமரேசன் நிற்பது தெரிந்தது. அவர் கை எந்த நேரமும் மேலே போகலாம். என் காதில் கருவி இல்லை, நனைவதால் ஒரு நஷ்டமும் இல்லை, இதெல்லாம் எனக்குத் தெரியும். என் கால்களுக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, ஐயோ வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியபடி, கோபுரத்தை நோக்கி முண்டிய கூட்டத்துக்கு எதிராக ஓட ஆரம்பித்தேன்.

கும்பாபிஷேகத்தில் கலசம் கவிழும் நேரத்தில், கண் சொருகத் தலையை உதறிக்கொண்டு ஒருவன் ஓடினால் கிள்ளானில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாமி வந்திருக்கிறது.

நான்கு பேர் இடுப்பைப் பிடித்தார்கள். ஓர் அக்கா நெற்றி நிறைய விபூதி அப்பினார். நான் விடுங்கள் என்று கத்தக் கத்த அவர்களுக்குப் பக்தி அதிகமாயிற்று. எனக்கு முன்னால் ஒரு குடும்பம் கை கட்டி நின்று ஏதோ குறி கேட்டது. மகள் கல்யாண விஷயம் என்று பிறகு தெரிந்தது. நான் தலையைப் பலமாக ஆட்டியதில் அந்த வரன் அன்றே கைவிடப்பட்டதாகக் கேள்வி. மாப்பிள்ளைப் பையன் யாரோ, எனக்கு நன்றி சொல்வானா, திட்டுவானா தெரியாது. அப்படியே என்னைத் தூக்காத குறையாகக் கொண்டு போய், சாமி நனையாமல் இருக்கலாமா என்று, முதல் பம்புக்கு நேர் கீழே நிறுத்தினார்கள்.

அண்ணாந்து பார்த்தேன். மச்சினரும் என்னைப் பார்த்தார். கை கூப்பினார்.

சுற்றியிருந்த ஆயிரம் கைகளும் அதே மாதிரி மேலே போயின. எனக்கு ஒரு சத்தமும் இல்லை, மேளம் மட்டும் பாதத்தில் அதிர்ந்தது. கைகள் உயர்ந்ததும் தண்ணீர் வரப்போகிறது என்று, மற்ற எல்லாருக்கும் தெரிந்த அதே கணத்தில், எனக்கும் தெரிந்தது. அப்புறம் அது விழுந்தது. தலை, காது, கழுத்து, சட்டைக்குள் எங்கும். மஞ்சள் வாசனை, குளிர்ச்சி. இரண்டு வருடமாக ஒரு சொட்டுக்குப் பயந்தவன் மேல் ஒரு குடும்பமே குளிக்கிற அளவு. நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. சாமி சிரிக்கிறது என்று மறுபடி விபூதி பூசினார்கள்.

கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வாசுகி வந்தாள், அழுகிற முகத்தோடு. காதைப் பொத்திக்கொண்டு ஓடிய என்னைத் தூரத்திலிருந்து பார்த்து, டப்பா போன செய்தி எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். என் காதருகே வாய் வைத்து அவள் விஷயத்தைக் கத்தியபோது உண்மையிலேயே எனக்குச் சாமி வந்தது.

பூஜை முடிந்து கூடை திரும்பியது. டப்பாவின் மேல் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வரளிப் பூ. வெளியெல்லாம் ஈரம். வாகனச் சாவி, புது வீட்டுப் பத்திரம், தாலி என்று அர்ச்சனைத் தட்டில் வைக்காத பொருள் இல்லை என்பதால், குருக்கள் இதையும் தோடோ ஜிமிக்கியோ என்று நினைத்து அம்மன் பாதத்தில் வைத்துக் கலச நீரும் தெளித்திருக்கிறார். "காது நகைங்களா? சாமி பாதத்துல வச்சு எடுத்தாச்சு, நல்லா இருக்கும்" என்று அவர் சொன்னதாக வாசுகி சொன்னாள். காது நகை என்றது தப்பென்று சொல்ல முடியாது.

மூடியைத் திறந்தேன். உள்ளே என் கடைப் பொட்டலங்களுக்கு நடுவே இரண்டும் காய்ந்து கிடந்தன, குளிரூட்டிய அறையில் தூங்கும் குழந்தைகள் மாதிரி. துண்டால் காதைத் துடைத்து, காயும் வரை பொறுத்து, மாட்டினேன். முதலில் கேட்டது தங்கையின் குரல்.

"ரெண்டு வருஷத்துக்குக் குளிக்க வேண்டியத ஒரேடியா குளிச்சிட்ட. இனிமே என்ன சாக்கு வச்சிருக்க?"

அப்போதுதான் அவளிடம் திருச்சிக் குளத்துக் கதையைச் சொன்னேன். விசில், கூட்டம், மிதித்தது எல்லாம். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஈரச் சேலை முந்தானையைப் பிழிந்து உதறினாள். பிறகு, "கூப்புடுறது கேக்கலன்னா, கண்ணுல தெரியுற மாதிரி கூப்புட வேண்டியதுதானே லா" என்றாள். கிள்ளானுக்குப் போய் என் தங்கை கற்றுக்கொண்டது, அந்த ஊர்ப் பேச்சுக்கு வாலாக ஒட்டும் இந்த 'லா' ஒன்றுதான் என்று இத்தனை நாள் கிண்டல் செய்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, நீச்சல் குளம்

குமரேசனுக்கு அன்று விடுமுறை. ஷா ஆலாம் பக்கம் ஒரு பொது நீச்சல் குளத்துக்குக் காரில் கூட்டிப் போனார். கட்டணம் சில ரிங்கிட்தான். தொப்பி கட்டாயம். நான் என் பூப்போட்ட குல்லாவை எடுத்து நீட்டியதும் நுழைவாயிலில் இருந்த மலாய்ப் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்துவிட்டு, எட்டு ரிங்கிட்டுக்கு ஒரு ரப்பர் தொப்பி விற்றாள். வாசுகி கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய நீல உடுப்பும் மஞ்சள் தொப்பியுமாக வந்தாள். பீரோவில் எட்டு மாதம் இருந்ததில் மடிப்பு கலையாமல் இருந்தது.

குங்குமம் அழியாத டப்பாவுக்குள் கருவிகள் போயின. டப்பா நிழலில் இருந்த பையின் அடியில் போயிற்று. உலகம் அடங்கியது. குமரேசன் கரையில் நின்று துறைமுகச் சைகைகளை ஒருமுறை செய்து காட்டினார். ஒரு கை நீட்டினால் அந்தப் பக்கம் போ. உள்ளங்கை காட்டினால் நில். இரண்டு கையும் தலைக்கு மேல் கூப்பினால் உடனே கரைக்கு வா. குளத்துக் காவலரிடமும் என்னைக் காட்டி விஷயத்தைச் சொல்லிவைத்தார்.

நான் இறங்கினேன். வாக்கு வாக்குதான். தண்ணீர் மார்பைத் தொட்டபோது நெஞ்சு அடித்துக்கொண்டது, அதுதான் அப்போது எனக்குக் கேட்ட ஒரே சத்தம். வாசுகி பின்னாலேயே இறங்கி ஓரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. கம்பியைப் பிடித்தபடியே நண்டு மாதிரி ஓரமாக நகர்ந்தாள்.

நான் கை வீசினேன். கை மறக்கவில்லை. ஒவ்வொரு நான்கு வீச்சுக்கும் தலை தூக்கிக் கரையைப் பார்த்தேன். குமரேசன் என்னை ஒரு கண்டெய்னரைப் போல நடத்தினார். இடது, இன்னும் இடது, நேர், நில், அந்தச் சீனக் கிழவர் போகட்டும், இப்போது போ. பக்கத்தில் நீந்தியவர்களும் தலையைத் தூக்கி வேடிக்கை பார்த்தார்கள். என்னைப் பத்திரமாக அந்தக் கரையில் இறக்கி வைத்ததும் கட்டை விரலை உயர்த்தினார். மூன்றாவது சுற்றில் நான் தலையைத் தூக்குவதைக் குறைத்தேன். நான்காவதில் மறந்தே போனேன்.

அந்த நேரம் பார்த்து மச்சினர் கழிவறைக்குப் போயிருக்கிறார். காவலரும் சிறுவர் குளத்தின் பக்கம் போயிருந்தார். வானம் கறுத்தது. மின்னல் வந்தால் அந்த ஊர்க் குளங்களில் எல்லாரும் உடனே வெளியேற வேண்டும், அங்கே இடி விளையாட்டு இல்லை. சங்கு ஊதியிருக்கிறது. விசில் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக ஏறியிருக்கிறார்கள். நான் எதிர்க் கரையிலிருந்து திரும்பி, ஆனந்தமாக மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தேன். திருச்சியேதான், நாடுதான் வேறு.

என்னவோ உறுத்தி, புரண்டு தலையைத் தூக்கினேன். கரையில் குமரேசன் இல்லை. குளத்தில் யாரும் இல்லை. எங்கே பார்ப்பது என்று சுற்றும் முற்றும் தேடினேன்.

அப்போது ஆழமான பக்கத்தில், தண்ணீருக்கு மேல் இரண்டு கைகள் தெரிந்தன. கூப்பிய கைகள். பிறகு மஞ்சள் தொப்பி. பிறகு கோபத்தில் சிவந்த முகம். முகம் முங்கியது, கைகள் மட்டும் நின்றன. மறுபடி தொப்பி எழுந்தது.

வாசுகி நகர்ந்து நகர்ந்து, கால் எட்டாத இடத்துக்கு என்னைத் தொடர்ந்து வந்திருந்தாள். நான் பார்க்க வேண்டுமானால் கை கூப்ப வேண்டும். கை கூப்ப வேண்டுமானால் கம்பியை விட வேண்டும். விட்டிருக்கிறாள், இரண்டு கையையும். முட்டி வலிக்கிற காலால் தண்ணீரை மிதித்து மிதித்துத் தன்னை மேலே நிறுத்திக்கொண்டிருந்தாள். முங்கியபோதும் கும்பிட்ட கையை மட்டும் இறக்கவில்லை.

நான் அவளை நோக்கி நீந்தினேன். நான் எட்டுவதற்குள் அவள் குப்புறத் திரும்பிக் கை வீசி, ஏணியை நோக்கி நீந்தத் தொடங்கிவிட்டாள். எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததும் அவள்தான். ஓடி வந்த காவலர் ஏணியில் அவளுக்குக் கை கொடுத்தார். அவள் அதை வாங்கவில்லை.

தகரக் கூரைக்குக் கீழே போய் உட்கார்ந்தோம். குமரேசன் அவசரமாக இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார். கூரைக்கு வெளியே மழை கொட்டியது, எனக்குப் படம் மட்டும் தெரிந்தது. காதைத் துடைத்து, தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு குங்கும டப்பாவைத் திறந்து மாட்டினேன். தகரத்தில் விழுந்த அத்தனை மழையும் ஒரே நேரத்தில் காதுக்குள் கொட்டியது. அவ்வளவு பெரிய சத்தத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் கேட்டதில்லை. சாரல் அடித்துக் கருவியில் தெறித்தது. துடைத்துவிட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

வாசுகிக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு கையையும் விட்டேன்ல," என்றாள். "பாத்தியா, பாக்கலயா?"

பார்த்தேன் என்றேன்.

"அப்ப சரி. மழை விட்டா மறுபடி எறங்குவோம்."

மழை விட்டது. இறங்கினோம்.

வீடு

அடுத்த சனிக்கிழமை விமான நிலையத்தில் என்னிடம் குடை ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றைக் குமரேசனிடம் கொடுத்துவிட்டேன், ஸ்பேருக்கு. பூப்போட்ட குல்லாவை வாசுகி எடுத்துக்கொண்டாள். அவள் இப்போது வாரத்தில் இரண்டு நாள் தனியாகவே குளத்துக்குப் போகிறாள். முட்டி வலி குறைந்ததா என்று கேட்டால், வலிக்க நேரமில்லை என்கிறாள்.

கிள்ளானையும் திருச்சியையும் ஒப்பிட்டு நான் ஒன்றைத்தான் சொல்வேன். அங்கே மழை கேட்காமல் வருகிறது. மனிதர்கள் நனைகிறார்கள், காய்கிறார்கள். நாம் காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு மேகத்துக்குப் பயப்படுகிறோம். நாம் என்றால் நான்.

திரும்பி வந்த வாரமே எங்கள் ஊர்க் குளத்துக்குப் போனேன். அதே காவலர்தான். என்னைக் கண்டதும் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். அவருக்குக் கடையிலிருந்து ஒரு நல்ல ஜோடிச் செருப்பு கொண்டு போயிருந்தேன். அதைக் கொடுத்து, காதைக் காட்டி, துறைமுகச் சைகையைச் செய்து காட்டினேன். இதையெல்லாம் அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன என்றார். பதிலுக்கு நான் தண்ணீரில் இறங்கினேன்.

இருட்டும் நேரம் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஏறிவிட்டவர்கள் எல்லாரும் கரையில் வரிசையாக நின்று, காவலரைப் பார்த்து அவர்களும் என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவர், புதுச் செருப்போடு. தலைக்கு மேல் உயர்த்திக் கூப்பிய இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அவருடைய புதுக் கைப்பேசி, எதற்கும் இருக்கட்டும் என்று, தண்ணீருக்கு எட்டாத உயரத்தில்.